கீழ் இடது மூலையில் இருப்பவர்

அன்புள்ள என்னங்க,

கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் கூப்பிடுகிறேன், கடிதத்துக்காகப் புதிதாக எதையும் தேடவில்லை. நான் சுகம். மேஸ்திரியும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டால் "ம்" என்பீர்கள். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் எதையாவது ஆரம்பித்தால் "சரி, ஷிப்டுக்கு நேரமாச்சு, வெச்சிடவா" என்கிறீர்கள். வைத்தும் விடுகிறீர்கள். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கட்டிலில் போட்டாலும் கிடக்கும், திரும்பி வரும்போது கண்ணில் படும். அதோடு ஒரு படமும் அனுப்புகிறேன். அதைப் போனில் பார்த்தால் நான் சொல்லப்போகிற ஆள் எறும்பு அளவுக்குத்தான் தெரிவார். அதனால்தான் பெரிய தாளில் அச்சடித்து, சுருட்டி, குழாய்க்குள் போட்டு அனுப்பியிருக்கிறேன். இப்போதே பிரிக்க வேண்டாம். நான் சொல்லும்போது பிரியுங்கள்.

முதலில் வீட்டுச் சேதி. குளியலறைக் குழாய் சரியாகிவிட்டது. மாடிப் படியில் பல்பு மாற்றியாயிற்று. உங்கள் சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்காரர் வாரம் ஒரு தடவை ஓட்டிவிட்டுக் கொண்டுவந்து வைக்கிறார், சும்மா நின்றால் டியூப் ஒட்டிக்கொள்ளுமாம். இதையெல்லாம் நீங்கள் போனில் ஒன்று விடாமல் விசாரிக்கிறீர்கள். கேஸ் தீர்ந்ததா, கதவின் கீல் சத்தம் போடுகிறதா, எல்லாம் கேட்கிறீர்கள். அவளை மட்டும் விசாரிப்பதில்லை. பின்னால் அவள் கத்துவது கேட்டாலும், ஏதோ லாரி போகிற மாதிரி சற்று நிறுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசுகிறீர்கள்.

அதனால் கேட்காமலே சொல்கிறேன். மேஸ்திரி என்பது அவளுக்கு அச்சகத்தில் வைத்த பேர். குழந்தைகள் இல்லத்தில் வைத்த பேர் காகிதத்தில் இருக்கிறது, அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. காலையில் என்னோடுதான் வேலைக்கு வருகிறாள். மெஷின் ஓட்டும் அண்ணன் காகிதம் வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை அறுத்து, உள்ளே போர்வை விரித்துக் கொடுத்திருக்கிறார். அதில் தூங்குவாள். விழித்திருந்தால் தவழ்ந்து போய் ஒவ்வொரு காகிதக் கட்டையும் உள்ளங்கையால் தட்டிப் பார்த்து, சரியில்லை என்கிற மாதிரி தலையை ஆட்டுவாள். முதலாளி வந்தால்கூட நாங்கள் இவ்வளவு பயப்படுவதில்லை. முன்னால் இரண்டு பல் வந்துவிட்டது.

போன வாரம் இல்லத்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். மேஸ்திரியைத் தூக்கிப் பார்த்தார், என் கையைப் பிடித்துக்கொண்டார், பிறகு சொல்ல வந்ததைச் சொன்னார். தத்து விஷயமாக அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி நீதிபதி முன்னால் நாம் இருவரும் போய் நிற்க வேண்டும். போன தடவை நீங்கள் வராததால் தள்ளிப்போட்டார்கள். "இந்தத் தடவையும் அவர் வரலேன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. பிள்ளையை வேற குடும்பத்துக்குக் காட்ட வேண்டி வரும்" என்றார். அவர் மிரட்டுகிற ரகம் இல்லை, உங்களுக்கே தெரியும். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அவர் லீவு கேட்டிருக்கார், வந்துடுவார்" என்று சொல்லி அனுப்பினேன்.

நீங்கள் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். உங்களோடு அறையில் இருப்பவர் அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார், அவள் என்னிடம் சொன்னாள். கேட்டால் உடனே கொடுக்கிற லீவாம். இதற்காக அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இரண்டு நாள் பாத்திரத்தையெல்லாம் உருட்டினேன், இப்போது இல்லை. கோபம் போனதற்குக் காரணம் அந்தப் படம்தான்.

அச்சகத்தில் இப்போது காலண்டர் வேலை மூச்சு முட்டுகிறது. காலண்டர் அட்டைக்கு எங்களிடம் வாடிக்கையான ஓர் அமைப்பு இருக்கிறது. மேலே படம், அதற்குக் கீழே பட்டையாகக் கடையின் பேரும் போன் நம்பரும், அதற்கும் கீழே தேதிக் கட்டு. எந்தப் படம் வந்தாலும் முக்கியமானது மேல்பக்கம் வருகிற மாதிரி நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பட்டைக்கு அடியில் தள்ளிவிடுவேன். பூந்தொட்டி என்றால் தொட்டி போய்விடும், பூ நிற்கும். அருவி என்றால் பாறை போய்விடும். இத்தனை வருஷத்தில் ஒருவரும் வந்து என் பாறை எங்கே என்று கேட்டதில்லை.

கன்னியர் மடத்திலிருந்து ஒரு சிஸ்டர் படம் கொண்டுவந்தார். என் வயதுதான் இருக்கும். ஸ்கூட்டரில் வருவார், நகக்கண்ணில் எப்போதும் காவி வண்ணம் ஒட்டியிருக்கும், சொன்ன தேதியில் வேலை முடியாவிட்டால் முதலாளியையே நிற்கவைத்துக் கேள்வி கேட்பார். இயேசு பிறந்த காட்சியை மரப்பலகையில் அவரே எழுதியிருந்தார். வரைந்தேன் என்று சொல்லமாட்டார், எழுதினேன் என்பார். இந்த வகைத் திருவுருவப் படங்களை அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். மடத்துக்காகக் காலண்டர் அடிக்கிற செலவை ஒரு டயர் கடைக்காரர் ஏற்றுக்கொண்டிருந்தார், அதனால் பட்டையில் அவர் கடையின் பேர். நானும் கைப் பழக்கத்தில் மாதாவையும் பாலனையும் நடுவில் நிறுத்தி, பட்டையைக் கீழே ஓட்டி, மாதிரி ஒன்று அடித்துச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

மெஷின் அண்ணன்தான் முதலில் பார்த்தார். "ஏம்மா, பெத்தவங்க பிள்ளையைப் பாக்காம டயர் கடை நம்பரையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்காங்களே, வண்டி பஞ்சரா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது சரிதான். படத்தின் நடுவில் அவ்வளவு பெரிதாகப் படுத்திருக்கிறாள், பிள்ளை அவளுக்குப் பின்னால் கிடக்கிறது, அவளோ கீழே இடது பக்கமாக எதையோ பார்க்கிறாள். அவள் பார்வை போய் முடிகிற இடத்தில் டயர் கடையின் போன் நம்பர்தான் இருந்தது.

மறுநாள் சிஸ்டர் சரிபார்க்க வந்தார். சுவரில் இருந்ததைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அவர் எங்க?" என்று கேட்டார். யார் என்றேன். "அவங்க வீட்டுக்காரர்" என்றார்.

நான் கம்ப்யூட்டரில் அந்தப் பட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். அடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

இப்போது குழாயிலிருந்து படத்தை எடுங்கள். கை கழுவிவிட்டு எடுங்கள், கிரீஸ் பட்டால் போகாது. கட்டிலில் விரித்து நான்கு மூலையிலும் எதையாவது வையுங்கள். உடனே மூலைக்குப் போகாதீர்கள், மேலேயிருந்து வாருங்கள், சிஸ்டர் எனக்கு அப்படித்தான் காட்டினார்.

உச்சியில் அரைவட்டமாக வானம். அதிலிருந்து ஒரே ஒரு கதிர் இறங்குகிறது, பாதி வழியில் மூன்றாகப் பிரிகிறது. அது நேராகப் போய் இறங்குவது அந்தக் கறுப்புக் குகைக்குள். எவ்வளவு கறுப்பு பாருங்கள். நீங்கள் வெல்டிங் முகமூடியைப் போட்டுக்கொண்டு, இன்னும் பற்றவைக்காமல் இருக்கும்போது தெரிகிற கறுப்பு. உலகத்தில் இருக்கிற அத்தனை இருட்டும் அங்கே திரண்டிருக்கிறதாம், அதற்கு நடுவில்தான் பிள்ளையைப் போட்டிருக்கிறார்கள். மாடும் கழுதையும் தலையை நீட்டிப் பார்க்கின்றன. எஜமானைத் தெரிந்துகொள்ள மனுஷருக்குத்தான் நேரம் பிடித்தது, அவை இரண்டும் உடனே தெரிந்துகொண்டன என்று அர்த்தமாம். இடது பக்கத்தில் குதிரை மேல் மூன்று பேர் வருகிறார்கள், தூரத்திலிருந்து வருகிறவர்கள், வழி தெரியாமல் ஒரு நட்சத்திரத்தை நம்பிக் கிளம்பியவர்கள். வலது பக்கத்தில் ஒரு தேவதூதர் குனிந்து ஆடு மேய்க்கிறவனிடம் சேதி சொல்கிறார். இன்னொன்றும் கவனியுங்கள், எதற்கும் நிழல் கிடையாது. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுந்தால்தானே நிழல், இங்கே எல்லாப் பக்கமும் வெளிச்சம் என்றார் சிஸ்டர். அச்சில் இந்தப் பொன்னிறத்தைக் கொண்டுவர நானும் மெஷின் அண்ணனும் பட்ட பாட்டைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம்.

நடுவில் மாதா. மற்ற எல்லோரையும்விடப் பெரிதாக இருக்கிறாள். சிவப்பு மெத்தையில் படுத்திருக்கிறாள், பெற்ற களைப்பு. நெற்றியிலும் இரண்டு தோளிலும் ஒவ்வொரு நட்சத்திரம், அவள் கன்னித்தன்மையைச் சொல்வது. இப்போது அவள் கண்ணைப் பிடித்துக்கொண்டு கீழே வாருங்கள்.

வந்துவிட்டீர்களா. அவர்தான் சூசை.

மொத்தக் கூட்டத்துக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பின்வாசல் படியில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அதே கை, அதே கன்னம். காப்பி கொண்டுவந்து வைத்தால் ஆறிப்போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்.

அவருக்கு எதிரில் கம்பை ஊன்றிக்கொண்டு ஒரு கிழவர் நிற்கிறார் அல்லவா, அவர் யார் என்று சிஸ்டரிடம் கேட்டேன். ஆடு மேய்க்கிறவர் வேஷத்தில் வந்த சந்தேகம் என்று பல பேர் சொல்வார்களாம். காய்ந்த கம்பு தளிர்க்காது, இந்தப் பிள்ளை உன்னுடையது இல்லை, உனக்கும் அதற்கும் என்ன என்று காதில் ஓதுகிறாராம். எனக்கு அந்தக் கிழவரை ஏற்கெனவே தெரிந்த மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தால், உங்கள் அண்ணன். குடையை இப்படித்தான் ஊன்றிக்கொண்டு நிற்பார். "யாரு பெத்ததோ, நாளைக்கு வளந்து அதுவே வந்து கேட்டா என்னடா சொல்லுவ" என்று உங்களிடம் அவர் கேட்டபோது நான் சமையலறையில்தான் இருந்தேன். அதற்கப்புறம்தான் தூரத்து வேலைக்குக் கையெழுத்துப் போட்டீர்கள். இல்லத்திலிருந்து பிள்ளை இருக்கிறது என்று கூப்பிட்டபோது, "நீயே முடிவு பண்ணு" என்று அங்கிருந்து சொன்னீர்கள்.

அண்ணனைப் பற்றிக் குறை சொல்ல எழுதவில்லை. சிஸ்டரே இன்னொன்றும் சொன்னார், அந்தக் கிழவர் வெறும் ஆட்டுக்காரர்தான், அவருக்குத் தெரிந்த விதத்தில் ஆறுதல் சொல்ல வந்தவர் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்களாம். உங்கள் அண்ணன் போன மாதம் வந்தார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி தவழ்ந்து போய், பாதி சப்பிய பிஸ்கட்டை அவர் பக்கம் நீட்டினாள். வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போகும்போது "தம்பி எப்ப வரான்" என்று மட்டும் கேட்டார்.

சூசையின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கிறது, பார்த்தீர்களா. எல்லோரும் போடுவதில்லையாம். நான் அதைக் கேட்டதும் சிஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "சந்தேகப்பட்டார்னு வட்டத்தைப் பிடுங்கிடுவாங்களா? அப்படிப் பிடுங்கினா யாருக்கு மிஞ்சும்" என்றார். அவரை எனக்குப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

இங்கே நிறுத்திவிட்டுப் போய் வந்தேன். மேஸ்திரி மை டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள். நல்லவேளை, கிட்டத்தட்டக் காலி டப்பா. இப்போது நீலக் கன்னத்தோடு பெட்டிக்குள் உட்கார்ந்து, கவிழ்த்தது நான்தான் என்கிற மாதிரி என்னை முறைக்கிறாள்.

இனிமேல் எழுதுவதைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

சூசைக்குப் பக்கத்திலேயே, வலது புறமாக, இரண்டு பெண்கள் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார்கள். ஒருத்தி தண்ணீர் ஊற்றுகிறாள், மடியில் பிள்ளையை வைத்திருப்பவள் கையை விட்டுச் சூடு பார்க்கிறாள். பட்டையை நகர்த்தியதும் அதுவும் சேர்ந்து வெளியே வந்தது. மேலே குகையில் ஒரு பிள்ளை, கீழே தொட்டியில் ஒரு பிள்ளை. நான் சிஸ்டரிடம், இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்டுவிட்டேன். இல்லாவிட்டால் ஒரே உருவத்தைத் தவறுதலாக இரண்டு தடவை ஒட்டிவிட்டாரோ என்று எனக்கு எண்ணம், எங்கள் வேலையில் அது நடக்கிற தப்பு. சிஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரே பிள்ளைதானாம். முன்னால் நடந்தது, பின்னால் நடந்தது எல்லாம் ஒரே பலகையில் ஒரே சமயத்தில் நடந்துகொண்டே இருக்குமாம்.

பிறகு குகையில் இருக்கும் பிள்ளையைக் காட்டினார். கால் முதல் கழுத்து வரை துணிப் பட்டையால் இறுக்கிச் சுற்றியிருக்கிறார்கள். தொட்டிலும் தொட்டில் மாதிரி இல்லை, கல்லில் வெட்டிய பெட்டி மாதிரி இருக்கிறது. அது வேண்டுமென்றே அப்படி எழுதுவதாம். பிறந்த பிள்ளையின் துணி, இறந்தவரைச் சுற்றுகிற துணி. தொட்டில், கல்லறை. பிறந்த அன்றைக்கே அது அங்கே இருக்கிறது என்று சொல்வதற்காக. சிஸ்டர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நம் பையனை அப்படித்தான் சுற்றிக் கொடுத்தார்கள், இல்லையா. எனக்கு மயக்கம் தெளியவில்லை. நீங்கள்தான் கையில் வாங்கினீர்கள், நீங்கள்தான் கொண்டுபோனீர்கள். எனக்கு அவன் முகம் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்த முகத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் போய்விட்டீர்கள். யாருடைய மூக்கு, முடி இருந்ததா, எதையும் நான் கேட்டதில்லை. கேட்டால் நீங்கள் உடைந்துவிடுவீர்கள் என்று பயந்தேன். நீங்களும் நான் உடைந்துவிடுவேன் என்று பயந்துதான் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இப்படி ஒருவருக்கொருவர் பயந்து பயந்து குழாயைப் பற்றியும் கேஸைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு நாள் சொல்லுங்கள். போனில் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

சிஸ்டர் ஒரே பிள்ளை என்று சொன்னாலும் எனக்கு அப்படித் தெரியவில்லை. படிப்பு அவருக்கு, கண் எனக்கு. என் கண்ணுக்கு இரண்டு பேர்தான் தெரிகிறார்கள். மேலே இருட்டில் அசையாமல் கிடக்கிற ஒருவன். கீழே தண்ணீரில் கையைக் காலை ஆட்டுகிற ஒருத்தி. அப்பா எதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது புரிகிறது. ஆனால் இவள் அவருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறாள் என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அவர் எழுந்திருக்கக்கூட வேண்டாம். தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினால் போதும்.

அதற்கப்புறம் அந்தப் பட்டையை மறுபடி அவர் மேல் இழுத்துவைக்க எனக்கு மனசு வரவில்லை. படத்தைச் சின்னதாக்கி முழுதாகப் போட்டேன். இரண்டு ஓரத்திலும் வெள்ளை விழுந்தது. முதலாளி பார்த்துவிட்டு, வெள்ளை விட்டால் மட்டமாகத் தெரியும், எல்லோரும் மாதாவையும் பாலனையும்தானே பார்க்கப்போகிறார்கள், மூலையில் இருப்பவரை யார் தேடுவார்கள் என்றார். அவங்க தேடறாங்களே என்று மாதாவைக் காட்டினேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கடைக்காரர் சம்மதித்தால் செய்துகொள் என்று போய்விட்டார்.

டயர் கடைக்காரர் வந்தார். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. பட்டை மெலிந்து போனதைப் பார்த்து முதலில் கத்தத்தான் வாயைத் திறந்தார். பிறகு, ஓரத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்டார். சொன்னேன். கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "என் பெரியவன் பிறந்தப்ப ஆஸ்பத்திரி வராந்தாவுல நானும் இப்படித்தான் உக்காந்திருந்தேன். ஒரு நர்சு வந்து, ஏன் இப்படி இருக்கீங்கன்னு கேட்டா" என்றார். அப்புறம், பேரைச் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம், போன் நம்பர் மட்டும் குறையக் கூடாது என்றார். அது குறையவில்லை. உங்களிடம் இருப்பது அந்த முழுப் படம், பட்டை இல்லாமல் தனியாக அடித்தது.

இவ்வளவு நாளாக நானும் உங்களைப் பட்டைக்கு அடியில்தான் வைத்திருந்தேன் என்று தோன்றுகிறது. யார் கேட்டாலும் "அவருக்கு வேலை அதிகம்" என்று ஓர் அட்டையை மேலே ஒட்டிவிடுவேன். அதைப் பார்த்துக்கொண்டு நானும் படுத்திருந்தேன். நீங்கள் வேலையில் இல்லை. மூலையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அது கோழைத்தனம் என்று உங்கள் அண்ணி சொன்னாள், நான் சொல்லமாட்டேன். ஒரு தடவை கையில் வாங்கி ஏமாந்தவர் மறுபடி கையை நீட்டப் பயப்படுவார், அவ்வளவுதான். எனக்கு மட்டும் பயம் இல்லையா. முதல் வாரம் இவள் தூங்கும்போதெல்லாம் மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். இப்போதும் வைக்கிறேன். கடித்துவிடுகிறாள்.

உங்களை எனக்குத் தேடுகிறது. இதைப் போனில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, பின்னால் ஆட்கள் குரல் கேட்கும். உங்கள் சட்டை ஒன்று துவைக்காமல் இருந்தது, அதை இன்னும் துவைக்கவில்லை. சாப்பிடும்போது உங்கள் பக்கத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே பழக்கமாகிவிட்டது. கதவை நீங்கள் தட்டுகிற மாதிரி யாராவது தட்டினால் மேஸ்திரியை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன். அவளும் பின்னால் தவழ்ந்து வருகிறாள், யாருக்காக வருகிறோம் என்று தெரியாமலே.

அந்த மாதாவுக்குப் பொறுமை அதிகம். அவரைக் கூப்பிடவில்லை, திட்டவில்லை, பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாள். பலகையில் இருக்கிறவளுக்கு எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கிறது. எனக்குப் பன்னிரண்டாம் தேதி வரைக்கும்தான் இருக்கிறது. அதனால் வாயைத் திறந்தே கேட்கிறேன். நாளைக் காலை போய் லீவு கேளுங்கள். வாருங்கள்.

நீதிபதி என்னவெல்லாம் கேட்பார் என்று இல்லத்து அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறார். வீடு, வேலை, யார் பார்த்துக்கொள்வார்கள், எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லிவிடுவேன். கடைசியில் உங்களைப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு நீங்கள் அப்பாவா என்று கேட்பார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வாருங்கள், வாசலில் நின்று யோசியுங்கள், வேண்டுமானால் அங்கேயும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்காருங்கள். மனசு கேட்கவில்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள், உங்களை விட்டு நான் எங்கும் போகமாட்டேன். ஆனால் இங்கே வந்து, அவளைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அந்த ஒன்றை மட்டும் உங்களுக்காக நான் சொல்ல முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகமூடி இல்லாமல் பற்றவைக்காதீர்கள். உங்களுக்கு ஒரு குறையும் வராமல், கிளம்பியது முதல் வீட்டு வாசல் வரைக்கும் நல்ல வழித்துணை அமைய வேண்டும் என்று, கும்பிடத் தெரியாத நான் சிஸ்டரிடம் சொல்லிக் கும்பிடச் சொல்லியிருக்கிறேன்.

வந்ததும் முதலில் அவளை உங்கள் கையில் கொடுப்பேன். இவள் கனமாக இருப்பாள். எந்தத் துணியில் சுற்றினாலும் உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிடுவாள். தூக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
காத்திருக்கும் இருவரில் பெரியவள்